உதவி: செங்குத்துக் கோட்டின் சமன்பாடு, விடை ஒத்துவரவில்லை

ஈசூன்_அப்பா (இரவு 10.42)
அவசரம். மகள் உயர்நிலை மூன்று, நாளைக் காலை கூடுதல் கணிதத் தேர்வு. (4, −1) வழியாகப் போகும் செங்குத்துக் கோட்டின் சமன்பாடு வேண்டும். அவளுக்கு ஒய் = −½எக்ஸ் + 1 வருகிறது. விடைப்பகுதியில் 2ஒய் = 3எக்ஸ் − 14. எங்கே தப்பு? கைப்பேசியில் ஆங்கில எழுத்து தகராறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பி_ஓ_கொசோங்
எதற்குச் செங்குத்து? முதல் கோட்டைக் காணோமே அண்ணே.

பீஷான்வாசி
விடைப்பகுதிதான் தப்பாக இருக்கும். என் பையனின் பயிற்சி நூலில் அப்படி மூன்று பார்த்தேன்.

பழைய_கணக்கர்
நூலைக் குறை சொல்வது சுலபம். செங்குத்து என்றால் இரு சாய்வுகளின் பெருக்கல் −1. எத்தனை இழையில்தான் இதைச் சொல்வது? கேள்வியை மொட்டையாகப் போட்டால் விடையும் மொட்டையாகத்தான் வரும்.

யாழ்_மருமகள்
சாய்வா? நாங்கள் படித்திறன் என்றுதான் படித்தோம்.

பழைய_கணக்கர்
தமிழ்நாட்டுப் பாடநூலில் சாய்வு. அதுவே சரி.

யாழ்_மருமகள்
இலங்கைப் பாடநூலில் படித்திறன். உங்கள் புளோக் படிக்கட்டைப் பாருங்கள் ஐயா: எவ்வளவு ஏறுகிறோம், அதற்கு எவ்வளவு முன்னே போகிறோம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

பீஷான்வாசி
அந்த −1 விதியும் எல்லா இடத்திலும் செல்லாது. எக்ஸ் = 4, ஒய் = −1 இரண்டும் செங்குத்துதானே? பெருக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்.

பழைய_கணக்கர்
நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வே கிடையாது. குதர்க்கம் வேண்டாம்.

கோப்பி_ஓ_கொசோங்
பிள்ளை நாளைக்கு 'கிரேடியன்ட்' என்றுதான் எழுதப்போகிறது, சண்டையை விடுங்கள். விடையிலிருந்து பின்னால் போய்ப் பார்த்தேன். 2ஒய் = 3எக்ஸ் − 14, சாய்வு 3/2. அப்படியானால் முதல் கோட்டுக்கு −2/3. உங்கள் விடையிலோ −½, அதாவது முதல் கோட்டின் சாய்வை 2 என்று எடுத்திருக்கிறீர்கள். கேள்வி 2எக்ஸ் + 3ஒய் = ஏதோ ஓர் எண் என்று இருக்கிறதா? எக்ஸுக்கு முன்னால் நிற்கும் 2 சாய்வு அல்ல. முதலில் ஒய்யைத் தனியே நிறுத்துங்கள்: 3ஒய் = −2எக்ஸ் + எண், பிறகு 3ஆல் வகுக்கணும். அப்புறம்தான் தலைகீழாக்கிக் குறி மாற்றுவது. ஒய் + 1 = 3/2(எக்ஸ் − 4), விரித்தால் நூலின் விடை. இணைகோடு கேட்டிருந்தால் இன்னும் சுலபம்: இடப்பக்கத்தை அப்படியே வைத்துப் புள்ளியைப் போட்டால் 2எக்ஸ் + 3ஒய் = 5.

யாழ்_மருமகள்
தலைகீழாவது ஏன் என்று பிள்ளை கேட்டால் கட்டத்தாளில் காட்டுங்கள். 3 கட்டம் வலம், 2 கட்டம் கீழே. தாளை இடப்பக்கமாகக் கால்சுற்று திருப்பினால் அதே கோடு 2 வலம், 3 மேலே.

பழைய_கணக்கர்
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

ஈசூன்_அப்பா (இரவு 11.38)
2எக்ஸ் + 3ஒய் = 12. அதேதான், நன்றி. மகள் எப்பவோ சரியாகப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். அந்த −½ என்னுடையது.