பழைய மீடியா பிளேயரைத் திருத்துவதா, சிறு கணினி அமைப்பதா?

கோண்டாவில் வாசகர்:

வணக்கம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியுடன் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மீடியா பிளேயர் பெட்டி இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்த நல்லூர்த் திருவிழாப் பதிவுகளையும் அக்காவின் திருமண டிவிடிக்களையும் வன்தட்டில் ஏற்றி, அம்மா அதில்தான் பார்த்து வருகிறார். சென்ற மாதம் கனடாவிலிருந்து வந்த அக்கா, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் காட்சிகளைத் தன் ஐபோனிலிருந்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பெட்டியில் போட்டால் பிள்ளைகள் பாடும் சத்தம் மட்டும் கேட்கிறது. திரை கறுப்பாகவே கிடக்கிறது. அம்மா அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் பாட்டு முடியும்வரை இருந்து கேட்டார்.

இந்தப் பெட்டிக்கு வெளியார் எழுதிய ஃபேர்ம்வேரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருளை) ஏற்றினால் படம் வருமா, அல்லது ராஸ்பெரி பை என்ற கையடக்கப் பலகையை வாங்கிச் சிறு கணினியாக அமைப்பது நல்லதா? அம்மா ஒரு ரிமோட்டுக்கு மேல் தொடமாட்டார் என்பதையும், எங்கள் பகுதியில் மின்தடை இன்னும் வந்து போகிறது என்பதையும் கருத்திற் கொண்டு சொல்லுங்கள்.

திருநெல்வேலி ஆசிரியர்:

தம்பி, சத்தம் வந்து படம் வராதது ஃபேர்ம்வேரின் குறையன்று. காட்சிகளைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 என்ற முறை 2013இல்தான் தரமாக ஏற்கப்பட்டது. ஐபோன் 7உம் அதற்குப் பின் வந்தவையும் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் வழமையாக அதிலேயே பதிவு செய்கின்றன. உங்கள் பெட்டியின் சிப்பில் அதற்கு முந்திய எச்.264 முறையையும் டிவிடிக்குரிய எம்பெக்-2ஐயும் விரிக்கும் சுற்று இருக்கும், எச்.265க்கான சுற்று இருக்காது. ஃபேர்ம்வேரை மாற்றினால் வலையமைப்பு வசதி கூடும், மெனு அழகாகும், ஆனால் சிப்பில் இல்லாத சுற்று முளைக்காது. அந்த வேலையைப் பெட்டியின் பொதுச் செயலியிடம் கொடுத்தால், அதன் வேகத்துக்குப் படம் நொடிக்குச் சில சட்டங்களாக (பிரேம்களாக) இழுபடும்.

எதையும் வாங்குவதற்கு முன்னர் மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அந்தக் காட்சிகளை எச்.264, 1080பி, நொடிக்கு 30 சட்டங்கள், லெவல் 4.1 என்று மாற்றிப் பாருங்கள். மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். அக்காவின் கைபேசியிலும் கமரா அமைப்புக்குள் அதிகப் பொருத்தமான வடிவத்தைத் தெரிவு செய்யச் சொல்லலாம்.

பருத்தித்துறை திருத்துநர்:

ஆசிரியர் சொல்வதே சரி. இந்தக் கேள்வி புதிதுமன்று. இன்று கோடி (Kodi) எனப்படும், படம் ஓட்டும் மென்பொருள், முதலாவது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திருத்தி எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் ஓடவிட்டதிலிருந்து வளர்ந்தது. 733 மெகாஹேர்ட்ஸ் செயலியும் 64 எம்பி நினைவகமும் கொண்ட அந்தப் பெட்டியால் உயர்தெளிவுப் படங்களைத் தாங்க முடியாமற் போக, எழுதியவர்களே 2010இல் அதைக் கைவிட்டுக் கணினிகளுக்கான பதிப்பையே தொடர்ந்தார்கள்; 2014இல் பெயரும் மாறியது.

நான் ஒரு பெட்டிக்கு ஃபேர்ம்வேர் ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், அது உயிரற்ற தகடாகிவிட்டது. பலகையில் கணினியோடு இணைப்பதற்கென இருந்த சீரியல் முனைகளுக்குக் கம்பி சோல்டர் செய்து, இரண்டு இரவுகள் செலவழித்துத்தான் மீட்டேன். அந்த முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் இணைப்பியைக் கொடுத்திருந்தால் சிப்பே போயிருக்கும். திருத்தத்தான் வேண்டுமென்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பெட்டி தானாக நின்று நின்று ஓடினால், முதலில் மின்வழங்கியில் கொண்டன்சர் உச்சி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றுப் படும் எங்கள் பக்கத்தில் முனைகளில் பச்சை பூப்பதும் உண்டு.

சாவகச்சேரி அன்பர்:

சிறு கணினிக்குப் போவதானால் ராஸ்பெரி பை 4 போதும். அது எச்.265ஐ 4கே அளவில் வன்பொருளிலேயே விரிக்கிறது, ஆனால் எச்.264ஐ 1080பி வரைதான். கைபேசியில் 4கே எச்.264 எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்டெல் என்100 செயலியுள்ள சிறு கணினியே பொருந்தும். கோடியை ஓட்டுவதற்கென்றே அமைந்த லிபரெலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றினால் அதன் அமைப்புப் பகுதி வாசிக்க மட்டும் திறக்கப்படுவதால், திடீர் மின்தடையில் அமைப்புக் குலைவது அரிது. எழுதப்படும் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே அப்பாவின் பதிவுகளுக்கு இன்னொரு வன்தட்டில் பிரதி இருக்கவேண்டும். பையின் யூஎஸ்பி துளைகள் எல்லாமாகச் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், பழைய பெரிய வன்தட்டுக்குத் தனி மின்வழங்கி கட்டாயம்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது தமிழ் எழுத்து. என் பழைய பெட்டி துணைத்தலைப்பில் ‘கெ’ என்பதைக் ககரத்துக்குப் பின்னால் கொம்பு நிற்கும்படி காட்டும். யூனிகோட்டில் கொம்பு பின்னாற் சேமிக்கப்படுவதை அது அப்படியே வரிசையாக அச்சிட்டது. கோடியின் 20ஆம் பதிப்பிலிருந்து, தமிழ் எழுத்துருவொன்றைச் சேர்த்துவிட்டால், துணைத்தலைப்பில் கொம்பு தன் இடத்துக்கு வருகிறது. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவற்றை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றவேண்டும்.

ரிமோட்டைப் பற்றி அம்மா கவலைப்படத் தேவையில்லை. தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிமோட் கட்டளைகளை அனுப்பும் சிஇசி வசதி இருந்தால், அதன் ரிமோட்டே பையில் ஓடும் கோடியையும் இயக்கும்.

கோண்டாவில் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று காட்சிகளை மாற்றிப் பழைய பெட்டியிலேயே போட்டேன். பேரன் மெழுகுதிரியை ஊதும் இடத்தை அம்மா நான்கு தடவை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். அக்கா வாரந்தோறும் அனுப்புவதால் பை 4 ஒன்றை வாங்கவே எண்ணுகிறேன். பழைய பெட்டி ஃபேர்ம்வேர் மாறாமல் டிவிடிப் பதிவுகளுக்காக அப்படியே இருக்கும். எங்கள் தொலைக்காட்சியின் மெனுவில் சிஇசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது, இப்போது திறந்துவிட்டேன்.