நன்றாக ஆடிய பிள்ளை சுருங்கிப்போனால் நீங்கள் முதலில் கேட்டது என்ன?

விசில்_வாத்தியார்
பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கிப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அப்படி ஒருவரிடம் முதலில் என்ன பேசினீர்கள், அப்புறம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அறிவுரை வேண்டாம். பிள்ளைகளின் பெயர், ஊரும் வேண்டாம்.

கபடிக்காரன்
எங்கள் அணியில் ஒரு ரைடர், பன்னிரண்டாம் வகுப்பு. 55 கிலோ பிரிவில் அவன் பாடப் போனால் எதிரணியில் ஓரிருவராவது வெளியே உட்காருவார்கள். தை மாதம், போட்டிகள் வரிசையாக வரும் நேரத்தில் மந்தமாகிவிட்டான். கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பி வருவான். கேட்டால் வயிற்றுவலி என்பான். "பயந்துட்டான் சார்" என்று மூத்த பையன்கள் சிரித்தார்கள். எடை குறைக்கப் பட்டினி கிடந்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் இல்லை என்று பட்டது.

"என்னடா பிரச்சினை" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். அதனால் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?" என்றேன். வண்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி. மூன்று மணி வரை தூக்கமே வருவதில்லை என்றான். பிறகு அப்பாவின் கடன், பரீட்சை, வீட்டில் நடக்கும் சண்டை என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், "நான் இருந்து என்ன சார் ஆகப்போகுது?"

வண்டியை ஓரமாக நிறுத்தி நேராகவே கேட்டேன்: "செத்துப்போகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கேட்பதுதான் நல்லது என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தலையாட்டினான், அழுதான். அங்கிருந்தே மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். எதிர்முனையில் இருந்தவர் அவனிடமே நிதானமாகப் பேசினார். அன்று இரவு அவனைத் தனியாக விட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். காலையில் அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு ஓ.பி. "பைத்தியம்னு ஊர்ல பேரு வந்துடும் சார்" என்று அவன் அம்மா தயங்கினார். "காய்ச்சலுக்குப் போற அதே ஆஸ்பத்திரிதான்மா" என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

அணியிலிருந்து அவனை எடுக்கவில்லை. மருந்து ஆரம்பித்த புதிதில் அசதியாக இருந்ததால் ஸ்கோர் எழுதினான். இப்போது 65 கிலோவில் ஆடுகிறான். எடைக்காக யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று கிளப்பில் விதியே போட்டுவிட்டோம்.

பழைய_கோச்
எங்கள் காலத்தில் நாலு ரவுண்டு கூடுதலாக ஓடவிட்டால் சரியாகிவிடும். இப்போது எதற்கெடுத்தாலும் டாக்டர். மனசு கெட்டிப்பட வேண்டாமா?

64_கட்டம்
ஐயா, துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவுக்கு மனசு கெட்டியில்லையா? 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற பிறகுதான் பெரிய வெறுமையில் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தோற்றவனுக்குத்தான் வரும் என்றில்லை.

நான் செஸ் சொல்லித்தருகிறேன். 2024-ல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, அவருக்குப் பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் இருந்ததை எங்கள் பெற்றோர்கள் பெருமையாகப் பேசினார்கள். அவர்களில் ஒருவரிடம், "பாப்பா ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி வாந்தி எடுக்குறா, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க சார்" என்றேன். மகளை வேறு அகாடமிக்கு மாற்றிவிட்டார். என்னத்தைச் சொல்ல.

தடகளம்_அக்கா
ஒரு 800 மீட்டர் ஓட்டக்காரி. நேரம் குறையக் குறைய அவள் சாப்பாடும் குறைந்தது. எல்லோரும் அதை ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். எனக்கு உறுத்தியது வேறு: தொட்டதற்கெல்லாம் எரிச்சல், யாரோடும் சேர்ந்து உட்காருவதில்லை. தனியாகக் கூப்பிட்டு, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்றுதான் ஆரம்பித்தேன். "மாசக்கணக்கா வரலக்கா, பிராக்டிஸுக்கு அதுவும் நல்லதுதானே" என்றாள், சந்தோஷமாக!

ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், மனசும் சேர்ந்து சோர்ந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் வரும் என்று அதிலேயே இருக்கிறது, எடைப் பிரிவில் ஆடும் பையன்களை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். முதலில் மகளிர் மருத்துவரிடமும் பிறகு மனநல ஆலோசகரிடமும் அழைத்துப்போனோம். வாராவாரம் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து எடை பார்க்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். மருத்துவரைப் பார்க்க அவளைச் சம்மதிக்கவைப்பது சுலபமாக இருந்தது. நிர்வாகத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சாரணர்_அண்ணா
ஒரு சந்தேகம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று பையன் கேட்டால் என்ன செய்வீர்கள்?

விசில்_வாத்தியார்
நான் சத்தியம் பண்ணுவதில்லை. "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்டன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒரு மாணவி இதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவளே வந்து பேசினாள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் யோசிக்கவே இடமில்லை. போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. கபடிக்காரர் சொன்ன 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கூப்பிடப் பையனுக்குத் தயக்கமாக இருந்தால், அவனை எப்படி அணுகுவது என்று நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், பொறுமையாகச் சொன்னார்கள்.