127.0.1.1 வரியை அழிப்பதா, விடுவதா?

வாவிக்கரை (கல்லடி):
நேற்று நாணல் எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் சொன்னது இது: "உபுண்டுவில் ஸ்லர்ம் கிளஸ்டர் கட்டினால் முதல் வேலையாக ஹொஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து 127.0.1.1 வரியை அழியுங்கள். மெசினின் பெயரைச் சொல்லிக் கேட்ட ஜொப் நகராமல் கிடந்தால் எப்போதும் அந்த வரிதான் காரணம்."

புதியவர்களுக்காக: ஸ்லர்ம் என்பது வலையில் கட்டிய பல மெசின்களுக்கு, அதாவது கிளஸ்டருக்கு, வேலைகளை (ஜொப்) வரிசையில் வைத்துப் பிரித்துக் கொடுக்கிற மென்பொருள். உபுண்டு ஒரு லினக்ஸ் இயங்குதளம். ஹொஸ்ட்ஸ் கோப்பில் எந்த மெசின் பெயருக்கு எந்த முகவரி என்று எழுதியிருக்கும். 127.0.1.1 என்பது மெசின் தன்னையே குறிக்கிற முகவரி.

எப்போதுமாம்! நான்கு வருடமாக ஆறு பழைய கொம்பியூட்டர்களில் ஸ்லர்ம் ஓட்டுகிறேன். ஆறிலும் அந்த வரி இருக்கிறது. ஆறும் ஓடுகின்றன.

போன மாதம் எங்களுக்கும் ஒரு ஜொப் நின்றது. நாலாவது மெசினில் மட்டும்தான் 16 ஜிபி ராம் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேட்டோம். கேட்ட நோட் (கிளஸ்டரிலுள்ள மெசின்) கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் வரிசையிலேயே கிடந்தது. நாணலின் பேச்சை நம்பிய ஒரு தம்பி வந்து வரியை அழித்தார். அதன் பிறகு நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட சூடோ அடிக்கும்போதெல்லாம் ஹொஸ்டின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற புலம்பல்தான். ஜொப் அசையவே இல்லை. நோட்களின் நிலையைக் காட்டும் சின்ஃபோ கட்டளையில் காரணத்தைக் கேட்டுப் பார்த்தேன்: ரியல்மெமரி (மெசினில் உண்மையாக உள்ள ராம்) குறைவு, அதனால் நோட் ட்ரெய்ன் நிலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்லர்மின் அமைப்புக் கோப்பான கன்பிக்கில் 16384 எம்பி என்று எழுதியிருந்தோம். கேர்னலும் டிஸ்பிளேயும் எடுத்தது போக மெசினில் மிஞ்சுவது 15,800 சொச்சம் எம்பி. ஒவ்வொரு நோட்டிலும் ஓடுகிற ஸ்லர்மின் பகுதியான ஸ்லர்ம்டியைப் பெரிய சி (-C) போட்டு ஓட்டினால் சரியான கணக்கை அதுவே எழுதித் தருகிறது. 15500 என்று மாற்றி, நோட்டை மறுபடி வேலைக்கு எடுக்க ரெசியூம் கொடுத்தேன். ஓடியது. வரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாணல் (கல்முனை):
உங்கள் ராம் கணக்கு பிழைத்ததற்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பேசியது பெயரைப் பற்றி.

எங்களிடம் எட்டு மெசின்கள். ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி, அந்த டிஸ்கை மற்ற ஏழுக்கும் அப்படியே நகலெடுத்து க்ளோன் பண்ணினோம். ஏழிலும் ஹொஸ்ட்நேமை (மெசினின் பெயரை) மாற்றினோம். ஹொஸ்ட்ஸ் கோப்பை மறந்துவிட்டோம். எட்டிலும் 127.0.1.1 க்கு நேரே 'லேப்01' என்றே இருந்தது. எல்லா நோட்களையும் நடத்துகிற கன்ட்ரோலர் ஓடுவதும் லேப்01 இல்தான். லேப்03 இலுள்ள ஸ்லர்ம்டி பதிவு செய்ய லேப்01 ஐத் தேடும், முதலில் அகப்படுவது அந்த வரி. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டு நிற்கும். கன்ட்ரோலர் காது கொடுக்கிற 6817 ஆம் போர்ட்டில் அங்கே யார் இருக்கிறார்கள் திறக்க? கன்ட்ரோலர் லேப்03 செத்துவிட்டது என்று டவுன் போட்டுவிட்டது. வரியை அழித்தோம். எட்டும் எழும்பின.

வாவிக்கரை:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். க்ளோன் பண்ணியவர் பெயரை மாற்ற மறந்தார். அது வரியின் பிழை அல்ல, வரியில் இருந்த பெயரின் பிழை.

நாணல்:
வரி இல்லாவிட்டால் அந்தப் பெயர் எங்கே இருந்திருக்கும்?

வாவிக்கரை:
அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் என்றால் பெயரைத் திருத்துவோமா, அட்டையைக் கிழித்துப் போடுவோமா?

ஏறாவூர்_இரவுப்பறவை:
இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். பெயர் சொல்லிக் கேட்பது என்றாலே என்ன என்று முதலில் பேசுவோம். ஜொப்பில் நோட்லிஸ்ட் என்று ஒரு மெசினின் பெயரைக் கொடுத்தால் அந்த மெசின் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மெசின் கட்டாயம் வரும், தேவைக்கு அது போதாவிட்டால் வேறு மெசினும் கூடச் சேரும் என்பதுதான் ஸ்லர்ம் கைநூலில் உள்ளது. அது மட்டும் போதும் என்றால் நோட் எண்ணிக்கை ஒன்று என்றும் எழுத வேண்டும். இது தெளிவாகாமல்...

வாவிக்கரை:
நானா, அது வேறு கதை. இங்கே கேள்வி 127.0.1.1 வரி.

நாணல்:
ஓம், அது வேறு. வரிக்கு வருவோம். பல மெசின்களில் ஓடுகிற தரவுத்தளமான எச்பேஸின் பழைய கைநூலே எச்சரித்தது: உபுண்டு போன்றவை 127.0.1.1 வைப்பதால் சிக்கல் வரும் என்று. அதை எழுதியவர்களுக்கும் விளங்கவில்லையா?

வாவிக்கரை:
எச்பேஸ் எச்பேஸ்தான், ஸ்லர்ம் ஸ்லர்ம்தான். தன் சொந்த ஹொஸ்ட்நேமைத் தேடி, கிடைக்கிற முகவரியை மற்றவர்களுக்கு அறிவிக்கிற மென்பொருளுக்கு அது சிக்கல். உண்மை. 127 இல் தொடங்குவதெல்லாம் மெசினுக்குள்ளேயே சுற்றுவது, அதை வெளியே சொல்லிப் பயனில்லை. ஆனால் ஸ்லர்ம்டி எல்லா முகவரியிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் தன்னுடைய ஹொஸ்ட்ஸ் கோப்பில் லேப்04 க்கு 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரியைப் பார்த்து வருகிறது. லேப்04 தன்னைத்தானே என்ன பெயரில் கூப்பிட்டால் அதற்கென்ன? ஆறு மெசின். நான்கு வருடம். வரி இருக்கிறது. ஓடுகிறது.

தேத்தண்ணிக்கடை (காரைதீவு):
எல்லோரும் ஹொஸ்ட், நோட் என்று எழுதுகிறீர்கள். புரவலன், கணு என்று எழுதினால் என்ன? எங்கள் ஊரில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னைக்குப் போய், அறிவியல் கலைச்சொல் ஆக்குகிற குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் மண்ணில் இருந்துகொண்டு இப்படி எழுத மனம் வலிக்கவில்லையா?

நாணல்:
அண்ணன், அடிகள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. கன்பிக்கில் 'கணு' என்று எழுதினால் ஸ்லர்ம் எழும்பாது.

தேத்தண்ணிக்கடை:
கன்பிக்கில் எழுதச் சொன்னேனா? இங்கே எழுதச் சொன்னேன்.

வாவிக்கரை:
தமிழ்ப் பெயர் வைத்து நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் மெசின்களுக்கு வாவி மீன்களின் பெயர்தான் வைத்தோம். கொடுவா, மணலை, செத்தல். ஆசையாக இருந்தது. ஆங்கில எழுத்தில் கொடுவாவை ஒருவர் வி போட்டு எழுதினார், இன்னொருவர் டபிள்யூ போட்டு எழுதினார். ஜொப் கொடுத்த உடனேயே செல்லாத நோட் பெயர் என்று திருப்பி அனுப்பியது. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது அந்த ஒரு எழுத்துக்கு. அதோடு எண் போட்ட பெயர் என்றால் 01 முதல் 06 வரை என்று சதுர அடைப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம், மீன்களை ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும். மனமில்லாமல் மாற்றினோம்.

நாணல்:
அந்தப் பெயர்களை வைக்க வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னவன் நான். "கல்முனைக்காரர் வந்து எங்கள் வாவிக்குப் பெயர் சொல்லித் தர வேண்டாம்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை.

வாவிக்கரை:
சொன்னேன். மெசினின் பெயரில் அடிக்கோடு வைக்கச் சொன்னவர் நீங்கள். ஹொஸ்ட்நேமில் எழுத்து, எண், இடைக்கோடு மட்டும்தான் என்று 1985 இலேயே இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 952 இல் எழுதியாயிற்று. அது தெரியாதவரிடம் பெயர் வைக்க யோசனை கேட்பேனா?

நாணல்:
அடிக்கோடு பற்றி ஒரு தரம் பிழைவிட்டேன். நீங்கள் அதை மூன்று வருடமாகச் சொல்லிக் காட்டுகிறீர்கள்.

புதியவன்_ஒலுவில்:
அண்ணாமார், எனக்கும் இதே பிரச்சினை. மூன்று மெசின்தான். லேப்02 ஐக் கேட்டால் ஜொப் நிற்கிறது. என்ன செய்ய?

ஏறாவூர்_இரவுப்பறவை:
தம்பி, ரவுட்டர் முகவரியை மாற்றிவிட்டதா என்று முதலில் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரம், ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் எங்கள் மெசின்களுக்கு வேறு வேறு முகவரி கிடைத்தது. ஹொஸ்ட்ஸ் கோப்பில் பழைய முகவரி. நாலாவது மெசினைத் தேடிப் போனால் இரண்டாவது மெசின் கதவைத் திறந்தது. கடைசியில் ரவுட்டரிலேயே ஒவ்வொரு மெசினுக்கும் முகவரியைக் கட்டிப்போட்டோம்.

வாவிக்கரை:
பார்த்தீர்களா, இதுவும் 127.0.1.1 அல்ல.

நாணல்:
பார்த்தீர்களா, இதுவும் ஹொஸ்ட்ஸ் கோப்புத்தான். அந்த வரி ஏன் வந்தது என்று, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் கைநூலில் இருக்கிறது: நிலையான முகவரி இல்லாத மெசினில் சில மென்பொருள்கள் தடுமாறாமல் இருக்க இன்ஸ்டோலர் போடுகிற ஒட்டு. நிலையான முகவரி இருந்தால் அந்த இடத்தில் அந்த முகவரியை எழுதுங்கள் என்றும் இருக்கிறது. கிளஸ்டர் மெசினுக்கு நிலையான முகவரி உண்டு. அப்படியென்றால் 127.0.1.1 க்கு அங்கே என்ன வேலை?

வாவிக்கரை:
மாற்று என்றுதான் அது சொல்கிறது. அழி என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியது 'அழி'.

நாணல்:
127.0.1.1 ஐ எடுத்துவிட்டு 192.168 ஐ எழுதினால் 127.0.1.1 அழிந்ததா இல்லையா?

வாவிக்கரை:
முகவரி போனது. வரி இருக்கிறது.

தேத்தண்ணிக்கடை:
வரி என்பது தமிழ்ச்சொல் என்பதையாவது ஒத்துக்கொண்டீர்களே.

நாணல்:
அண்ணன், கொஞ்சம் பொறுங்கள். வாவிக்கரை, 'எப்போதும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எட்டு மெசின் மூன்று நாள் செத்துக் கிடந்தது. பரீட்சைக்கு முதல் கிழமை. பிள்ளைகள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். அன்றைக்கு நான் பட்டது உங்களுக்கு வந்திருந்தால் நீங்களும் 'எப்போதும்' என்றுதான் எழுதுவீர்கள்.

வாவிக்கரை:
அந்தக் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. அதற்காகப் பிழையான மருந்தை ஊருக்கெல்லாம் சொல்லலாமா? உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் என் நாலாவது மெசினில் கை வைத்தார். சூடோ புலம்பிய புலம்பலை நான்தான் உட்கார்ந்து சரிசெய்தேன். ஆறு மெசின். நான்கு வருடம்.

நாணல்:
எட்டு மெசின்.

புதியவன்_ஒலுவில்:
லேப்02 இல் போய் கன்ட்ரோலரின் பெயரைக் கொடுத்து, பெயருக்குரிய முகவரியைக் காட்டும் கெட்டென்ட் ஹொஸ்ட்ஸ் கட்டளையை அடித்தேன். 127.0.1.1 என்று வருகிறது. ஆனால் கன்ட்ரோலர் லேப்01 இல் அல்லவா இருக்கிறது? நானும் டிஸ்கைக் க்ளோன் பண்ணித்தான் ஏற்றினேன்.

நாணல்:
நான் சொன்னேனா இல்லையா! தம்பி, அந்த வரியை அழி.

வாவிக்கரை:
அழிக்காதே தம்பி. அதிலுள்ள பெயரை லேப்02 என்று மாற்று.

நாணல்:
அழி.

ஏறாவூர்_இரவுப்பறவை:
தம்பி, எதைச் செய்தாலும் பிறகு லேப்02 இல் ஸ்லர்ம்டியை மறுபடி தொடங்க மறக்க வேண்டாம்.

வாவிக்கரை:
நானா, அதெல்லாம் பிறகு. முதலில் அந்த வரி.