குழந்தை எடை, பர்சன்டைல்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோபி அம்மா:
ஆறு மாதம் முடிந்து எடை போட்டதில் பாப்பா 6.2 கிலோ. வளர்ச்சி அட்டையில் 10வது பர்சன்டைல் கோடு, பிறந்தபோது 2.7 கிலோ இருந்தாளே, அப்போதும் இதே கோடுதான், நன்றாக வளர்கிறாள் என்றார் டாக்டர். வீட்டில் மாமனார் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஏனம்மிணி, நூத்துக்குப் பத்துதானா?" உடனே நங்கையா (நாத்தனார்), "பால் பத்தல, பவுடர் பால் குடு" என்கிறார். பாப்பாவோ கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறாள். இதே வயதில் நல்ல ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை எடைப்படி நிறுத்தினால் பத்துப் பேர் இவளுக்குக் கீழே இருப்பார்கள், அவ்வளவுதான், இது மார்க் இல்லை என்று சொல்ல வந்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. இன்னும் ஆறவில்லை.

காங்கேயம் அப்பா:
உங்கள் கோபம் நியாயம்தானுங்க. ஆனால் எண்ணே முக்கியமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பையன் நாலு மாதத்தில் 7 கிலோ, நடுக்கோடு. எட்டு மாதத்தில் 7.3தான். கன்னம் உப்பலாக இருந்ததால் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, கோட்டில்தான் தெரிந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. என்ன சாப்பாடு என்று கேட்டார் டாக்டர். ராகிக் கஞ்சி என்றோம். மேசையில் கிடந்த கரண்டியை எடுத்துச் சாய்த்து, "இப்படிப் பிடிச்சா வழியாம நிக்கணும்" என்றார். எங்கள் பக்கம் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதம்தான். தண்ணீரிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது. அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைத்து, நெய் விட்டு ஊட்டிய பிறகு எடை ஏறியது.

தாராபுரம் அம்மாயி:
இப்படிக் கிலோவைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க தம்பி. முதலில் தராசைப் பாருங்க. பேத்தியை ஒரு தடவை வெள்ளித் தண்டையோடு போட்டார்கள், அடுத்த தடவை கழற்றிவிட்டு. இளைத்துவிட்டாள் என்று என் மகள் அழுதாள்.

எல்லாருக்கும் சொல்கிறேன். எப்போதும் ஒரே தராசு, உடுப்பு, டயப்பர் இல்லாமல். தினமும் போட வேண்டாம். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, முன்னால் பிறந்த வாரங்களைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை. நீளத்தையும் அளக்கச் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டவணைக்கு ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள், நம்ம டெல்லிக் குழந்தைகளும் உண்டு, தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்கள். கோபி கண்ணு, பவுடர் பால் பேச்சு மறுபடி வந்தால் மாமனாரையே டாக்டரிடம் கூட்டிப் போ.