தம்பி வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான், காலையில் கோர்ட்

வேதாளைக்காரி, இரவு 11:20

என் தம்பிக்கு 26 வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஐஸ் பெட்டி, கருவாட்டு மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவான். இன்று சாயங்காலம் உச்சிப்புளியில் நாலு சாக்கை இறக்க வேண்டும், வாடகை 600 ரூபாய் என்று யாரோ போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். வழியில் வனத்துறை ஆட்கள் வண்டியை மடக்கிச் சாக்கைப் பிரித்திருக்கிறார்கள். மேலே கருவாடு, அடியில் அவித்துக் காயவைத்த கடல் அட்டை, பிடிக்கவே தடை உள்ள உயிரினம். ஏற்றிவிட்டவன் போன் சுவிட்ச் ஆஃப்.

நான் போய்ப் பார்த்தபோது பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். "மூணு தாள்ல கையெழுத்து வாங்கினாங்கக்கா. ரெண்டுல எழுத்து இருந்துச்சு, ஒண்ணு வெறும் தாள்" என்றான். எழுதியதைப் படித்தும் காட்டவில்லையாம். எதற்காகப் பிடித்தோம் என்று எழுதி அவனிடமும் தரவில்லை, என்னிடமும் தரவில்லை. எந்த ஆபீஸ் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

"போலீஸில் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, கவலைப்படாதே" என்று தெருவே சொல்கிறது. உண்மைதானா? வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை, வண்டிக்கு டியூ வேறு கட்ட வேண்டும்.

பழைய குமாஸ்தா, இரவு 11:52

தங்கச்சி, ராமநாதபுரத்தில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுச் சுமந்தவன் நான். தெரு சொல்வதை நம்பித் தூங்கிவிடாதீர்கள்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது சரிதான். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 23-வது. ஆனால் உங்கள் தம்பியைப் பிடித்தது போலீஸ் இல்லையே. வனத்துறை அதிகாரி போலீஸ் அதிகாரி ஆகமாட்டார் என்றே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. அதோடு 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-வது பிரிவு, உதவி வனப் பாதுகாவலர் பதவிக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் தரப்பட்ட அதிகாரி சாட்சியம் பதிவு செய்யலாம் என்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிந்திருந்தால் பின்னால் விசாரணையில் அதைக் கொண்டுவரலாம். அதனால் அந்தத் தாளை எழுதியவர் யார், என்ன பதவி என்று தம்பியிடம் கேளுங்கள். வனவர் எழுதியதும் உதவி வனப் பாதுகாவலர் எழுதியதும் ஒன்றல்ல.

பயப்படவும் வேண்டாம். மிரட்டியோ ஆசைகாட்டியோ வாங்கிய ஒப்புதல் யார் வாங்கினாலும் நிற்காது. அது புதிய சாட்சியச் சட்டத்தின் 22-வது பிரிவு. ஆனால் மிரட்டினார்கள், வெற்றுத்தாளில் வாங்கினார்கள் என்பதை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. இதே மாதிரி கடற்கரைக் கேஸ். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாஜிஸ்ட்ரேட் தலையைத் தூக்கி, "அடித்தார்களா? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். பின்னால் நின்றவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லைங்கய்யா" என்றான். அவ்வளவுதான், குறை ஏதும் சொல்லவில்லை என்று எழுதி முடித்தார்கள். வருஷங்கள் கழித்து விசாரணையில் வெற்றுத்தாள் கதையைச் சொன்னபோது, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். எங்கள் வக்கீலிடம் பதில் இல்லை. நாளைக்கு உங்கள் தம்பி அந்த இரண்டு நிமிஷத்தில் வாயைத் திறக்க வேண்டும். "ஐயா, ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எழுதிய தாள்களைப் படித்துக் காட்டவில்லை. சாக்கில் அட்டை இருந்தது எனக்குத் தெரியாது." இந்த மூன்று வரியை இன்றிரவே சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. வன உயிரினச் சட்டத்தின் 57-வது பிரிவு பொல்லாதது. பொருள் ஒருவர் கையில் இருந்ததை அவர்கள் நிரூபித்துவிட்டால், முறைகேடாக வைத்திருந்தார் என்று கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. வாடகைக்குக் கூப்பிட்ட நம்பர், அட்வான்ஸ் ஜிபேயில் வந்திருந்தால் அந்த ரசீது, எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள்.

காசைப் பற்றி யோசிக்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். 15100-க்குப் போன் போடுங்கள். காலையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள்.

ஜூனியர் வக்கீல், இரவு 12:15

ஐயா சொன்னது அத்தனையும் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன் அக்கா. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். எந்தச் சட்டத்தில் கைது செய்தாலும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே எழுதித் தர முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தாள் அவர் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். எனவே தாள் கைக்கு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டை கேஸில் ஜாமீனே கிடையாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கடல் அட்டை 2001-இலிருந்தே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை மூன்றிலிருந்து ஏழு வருஷம், அது கடுமைதான். ஆனால் 51ஏ பிரிவின் ஜாமீன் கட்டுப்பாடு இதே சட்டத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்குத்தான்.

தொண்டிக் கரை, காலை 5:40

அக்கா, வண்டியை மறந்துவிடாதீர்கள். பிடித்த வண்டி அரசாங்கச் சொத்து, இனி திரும்பாது என்று என் மச்சானிடம் சொன்னார்கள், அவரும் நம்பி ஆறு மாசம் சும்மா இருந்தார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று பாடியெல்லாம் துருவேறிவிட்டது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக வண்டியை விடுவிக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே, மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறதாம். எங்களுக்கு அது வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

வேதாளைக்காரி, மாலை 4:05

எல்லோருக்கும் நன்றி. 15100-இல் சொல்லி, காலையில் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் போனேன். ஒரு வக்கீலம்மா வந்தார். தம்பி சொன்னான். முதல் வரியிலேயே குரல் உடைந்துவிட்டது; ஆனாலும் வெற்றுத்தாள் விஷயத்தைச் சொல்லிவிட்டான். மாஜிஸ்ட்ரேட் இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்.

காரணம் எழுதிய தாளைக் கோர்ட் வராந்தாவில் வைத்து 10:50-க்குக் கொடுத்தார்கள். 11:40-க்கு உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீலம்மா அந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு நேரத்தையும் பேனாவால் எழுதித் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார், இந்தத் தடவை படித்துக் காட்டிவிட்டு. அதை எடுத்துச் சொல்லியும் 15 நாள் ரிமாண்ட். அந்த உத்தரவை எதிர்ப்பதா, ஜாமீன் மனு போடுவதா என்று உத்தரவின் நகல் வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

தொண்டி அண்ணே, வண்டி மனுவுக்கு ஆர்.சி. புத்தகம் அசல் வேண்டுமா? அது பைனான்ஸ்காரர்களிடம் இருக்கிறது.