நவம்பர் 9: ஜெர்மனிக்கு மட்டும் ஏன் இத்தனை?

நாட்காட்டிப் பைத்தியம்:
1918ல் மன்னராட்சி முடிந்தது. 1923ல் மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் அடக்கப்பட்டது. 1938ல் யூதர்கள் மீது நாடு தழுவிய தாக்குதல். 1989ல் பெர்லின் சுவர் திறந்தது. நாலும் நவம்பர் 9. தற்செயலா, நாள் பார்த்துச் செய்ததா?

எண்கணிதம்:
ஒன்பது செவ்வாயின் எண். ரத்தமும் சண்டையும்தான் வரும். இதில் கேள்வி வேறா!

பெர்லின்வாசி:
செவ்வாயை விடுங்க. சுவர் திறந்த அன்று ஒரு துளி ரத்தம் சிந்தலை.

தம்பி, நாலையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்க. 1938க்கு 1923தான் காரணம். கலகத்தில் செத்த 16 பேரை நாஜிகள் தியாகிகளாக்கி, வருஷா வருஷம் நவம்பர் 8, 9ல் மியூனிக்கில் கூடுவாங்க. 1938ல் கட்சிப் பெருந்தலைகள் அப்படி விருந்தில் உட்கார்ந்திருந்தப்போதான், பாரிஸில் ஒரு யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி ராத் இறந்த செய்தி வந்தது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து யூதர்களுக்கு எதிராகப் பேசினார். கேட்டவங்க தொலைபேசியை எடுத்து அவங்கவங்க ஊருக்கு உத்தரவு போட்டாங்க. வேறொரு நாளில் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் இருந்திருக்க மாட்டாங்க. யூதர்களின் ஜெப ஆலயங்கள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. சுமார் 30,000 யூத ஆண்களை முகாம்களுக்கு இழுத்துட்டுப் போனாங்க.

1989 சுத்தத் தற்செயல். ஜனங்க வெளிநாடு போக அனுமதிக்கிற புதிய பயண விதியைக் கிழக்கு ஜெர்மனி 10ஆம் தேதி விடிகாலை வெளியிடத்தான் திட்டமிட்டிருந்தது. அதைக் கவனிக்காத ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி முந்தின நாள் மாலையே நிருபர்கள் முன்னால் படிச்சிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டதுக்கு, காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, ‘உடனே’ என்றார். ஜனங்க எல்லைக்குக் கிளம்பிட்டாங்க. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் இரவு 11.30 வாக்கில் யேகர் என்ற அதிகாரி, கூட்டம் தாங்காமல் கதவைத் திறந்துவிட்டார். இன்னும் அரைமணி சமாளிச்சிருந்தா உங்க பட்டியலில் மூணுதான் இருக்கும்.

நாட்காட்டிப் பைத்தியம்:
அருமை சார். அப்போ தேசிய தினம் ஏன் அக்டோபர் 3? 1918 பற்றியும் ஒன்றும் சொல்லலையே?

பெர்லின்வாசி:
1938 நடந்த தேதியில் பட்டாசு வெடிக்க முடியுமா? அதனால் 1990ல் இரு ஜெர்மனியும் இணைந்த நாளையே வைத்துக்கொண்டாங்க. நவம்பர் 9 அன்று எங்க தெருவில் அக்கம்பக்கத்தார் முட்டிபோட்டு, நடைபாதையில் பதிச்ச பித்தளைக் கற்களைத் துணியால் தேய்ப்பாங்க. இங்கே வாழ்ந்து, கொண்டுபோகப்பட்ட யூதர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அன்றைக்கே டிவியில் சுவர் மேல் ஏறி ஆடுற கூட்டத்தைக் காட்டுவாங்க. பழகவே முடியாத நாள்.

1918ல் ஒரே நாளில் இரண்டு குடியரசு! மதியம் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் நாடாளுமன்ற ஜன்னலிலிருந்து ஒன்றை அறிவித்தார். மாலை தீவிர இடதுசாரித் தலைவர் லீப்னெக்ட் மன்னரின் அரண்மனையில் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். 1950ல் அரண்மனையை இடிச்ச கிழக்கு ஜெர்மனி, அவர் பேசினதாகச் சொல்ற மாடவாசலை மட்டும் எடுத்து வைத்து, பிறகு தன் உயர் ஆட்சிக் குழுவுக்குக் கட்டின கட்டடத்தின் முகப்பில் பொருத்தியது. இப்போ அந்தக் கட்டடத்தில் தனியார் மேலாண்மைக் கல்லூரி நடக்குது. எம்பிஏ படிக்க லட்சக்கணக்கில் கட்டணம். அருங்காட்சியகத் தீவுக்குப் பக்கத்தில்தான், வந்தா பாருங்க.