ரெஃபரன்ஸ் ஸ்டைல்: முதல் தடவை அனுப்பும்போதே எதற்கு?

அம்பை ஆய்வாளர்:
களக்காடு முண்டந்துறை ஓடை மீன்கள் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை, கடைசியில் மேற்கோள் பட்டியலில் 62 ரெஃபரன்ஸ். முதல் ஜர்னல், மேற்கோளுக்கு 1, 2 என்று எண் போடும் எண் முறை கேட்டது. மாற்றிக் கொடுத்தேன்; "எங்கள் துறைக்குள் வராது" என்று ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அடுத்த ஜர்னலுக்கு, எழுதியவர் பெயரும் ஆண்டும் போடும் முறை வேண்டுமாம். மறுபடி மூன்று ராத்திரி. ஆய்வில் ஒரு வரி மாறவில்லை. காற்புள்ளியும் அடைப்புக்குறியும்தான் மாறின. எல்சவியர் பதிப்பகத்தின் பல ஜர்னல்கள் முதல் தடவை எந்த ஸ்டைலில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கின்றன, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். எல்லா ஜர்னலும் அப்படிச் செய்யணும்.

பாளை அண்ணாச்சி:
மூன்று ராத்திரியா? ரெஃபரன்ஸ் பட்டியல் போடும் மென்பொருள் ஜோடெரோவில் ஸ்டைலை மாற்றினால் நிமிஷத்தில் முடியுமே தம்பி. அப்புறம், பட்டியலை வரி வரியாகப் பார்க்கிற வேலை வீண் இல்லை. பக்க எண் தப்பு, ஆண்டு தப்பு எல்லாம் அப்போதுதான் அகப்படும்.

அம்பை ஆய்வாளர்:
ஜோடெரோவில்தான் அண்ணாச்சி பாதிப் பாடு. இரண்டாவது ஜர்னல் கேட்டது, கட்டுரைத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லையும் கேப்பிட்டலில் தொடங்குகிற ஸ்டைல். கர்ரா களக்காடென்சிஸ், நம் களக்காட்டுப் பேரைச் சுமக்கிற மீன். இது அறிவியல் பேர், ஆங்கில எழுத்தில் இரண்டாவது சொல் சின்ன எழுத்தில் தொடங்கணும், இரண்டும் இட்டாலிக்கில் இருக்கணும். 'கே' கேப்பிட்டல் ஆகி, இட்டாலிக்கும் இல்லாமல் நின்றது. இப்படி 11 தலைப்பு, எல்லாம் கையால் திருத்தினேன். 1978-ல் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடியதே மேனுஸ்கிரிப்ட் வடிவத்தைப் பொதுவாக்கத்தான். அந்த ஊர்ப் பேரில் வழங்கும் எண் முறையைக்கூட இன்று ஜர்னலுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள்.

மேலப்பாளையம் மாணவி:
எனக்கு ஸ்டைலைவிடப் பேர்தான் பெரிய பிரச்சினை. எங்கள் வீட்டில் குடும்பப் பேர் கிடையாது. ஒரு கட்டுரையில் இனிஷியலோடு போட்டேன். அடுத்ததில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பேரைப் பின்னால் சேர்த்தேன். மென்பொருள் அதைக் குடும்பப் பேராக எடுத்து முன்னால் வைத்து, என் பேரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டது. இரண்டு கட்டுரையும் இரண்டு ஆள் எழுதியதுபோல் நின்றன. ஆய்வாளருக்கு ஆள் அடையாளமாகத் தரும் 16 இலக்க ஆர்கிட் எண் வாங்கி இரண்டையும் அதில் சேர்த்த பிறகுதான் ஒரே ஆள் என்று காட்ட முடிந்தது.

பாளை அண்ணாச்சி:
நியாயமான குறை அம்மா. முதல் கட்டுரைக்கு முன்பே பேரை ஒரே விதமாக முடிவு பண்ணச் சொல்வது கைடின் கடமை. நானும் பல வருஷம் கைடாக இருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. சரி தம்பி, முதல் தடவைக்கு ஸ்டைல் வேண்டாம், ஏற்கிறேன். பட்டியலில் உள்ள கட்டுரைகளின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தீர்களா?

அம்பை ஆய்வாளர்:
நீங்கள் கேட்ட பிறகு இப்போதுதான் திறந்தேன். 3 டிஓஐ வேறு கட்டுரைக்குப் போகின்றன. திருத்திவிட்டு நாளை அனுப்புகிறேன் அண்ணாச்சி. காற்புள்ளி விஷயத்தில் மட்டும் என் பேச்சு மாறாது.